பனிக்காலத்தில் சுரந்த ஊற்று

மழை பெய்தால் கவிதை பிறக்கும், வெயில் எரித்தால் பேனா உலரும் என்று எழுதுவோர் கூறக் கேட்கிறோம். நாமும் அவ்வாறு கூறிக் கடமையினின்று தப்பியதுண்டு. இது உண்மையா, வெறும் சாக்கா? ஆங்கில இலக்கிய வரலாற்றில் இவ்வினா ஒரு வழக்காகவே நடந்திருக்கிறது.

மகாகவி ஜான் மில்டன் 1652-ஆம் ஆண்டளவில் பார்வையை முற்றும் இழந்தார். 1660-இல் மன்னராட்சி மீண்டது. அவர் தொண்டாற்றிய குடியரசு மறைந்தது. 'சுவர்க்க நீக்கம்' உருவான காலம் இதுவே. அவர் மனத்தில் அமைத்துச் சொன்ன அடிகளைப் பிறர் எழுதினர். சகோதரியின் மகனான எட்வர்டு பிலிப்ஸ் அவற்றைப் பத்து, இருபது, முப்பது அடிகளாகப் பார்த்துப் பிழை திருத்துவார். ஒரு கோடையில் நெடுநாளாகப் புதிய அடி எதுவும் வராதது கண்டு காரணம் வினவினார். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாள் முதல், மார்ச்சில் அவை மீண்டும் சமமாகும் நாள் வரையே தம் கவியூற்று இனிது சுரக்கும் என்றார் மில்டன். இச்செய்தியைப் பிலிப்ஸ் 1694-இல் பதிவு செய்தார்.

வியப்பு யாதெனில், இருபது வயதளவில் இலத்தீனில் பாடியபோது, இளவேனிலே தம் கவித்திறனை மீட்டுத் தருவதாக மில்டன் மகிழ்ந்திருந்தார். 'சுவர்க்க நீக்கத்தின்' ஒன்பதாம் காண்டத்திலோ, குளிர்நாடு தம் சிறகைத் தளர்த்திவிடுமோ என அஞ்சுகிறார். அஞ்சிய குளிரிலேயே ஊற்றும் சுரந்தது!

இதனை ஏற்க மறுத்தவர் சாமுவேல் ஜான்சன். பருவநிலைக்கு அறிவை அடிமையாக்குவோரை அவர் 1758-இல் ஒரு கட்டுரையில் இடித்துரைத்தார். மில்டன் வரலாற்றை எழுதியபோதும் இக்கொள்கையை எள்ளினார். வானிலை தம்மைக் கட்டிப்போட்டது என்பவர் சோம்பியவர் அல்லது களைத்தவர் என்பது அவர் தீர்ப்பு. அவ்வாறு கூற அவருக்கு உரிமை இருந்தது. 1759 சனவரியில் தாயார் இறந்தபோது, அடக்கச் செலவுக்கெனவே 'ராசலாஸ்' என்னும் கதையை ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் எழுதினார். துயரம் பருவம் பார்க்கவில்லை, கடனும் பார்க்கவில்லை. எனினும், தம் சோம்பலை நொந்து ஆண்டுதோறும் செபக்குறிப்புகளில் புதுத் தீர்மானம் எழுதியவரும் அவரே. பிறரைக் கடிந்தபோது அவர் தம்மையும் கடிந்துகொண்டார் போலும்.

இருவரில் யார் பக்கம் நிற்போம்? பார்வையற்றவருக்கு இலை உதிர்வதும் தளிர்ப்பதும் தெரியா. நீண்ட இரவும் குளிரும் மட்டுமே தெரியும். அந்தத் தனிமை அவருக்கு உதவியிருக்கலாம். ஆனால் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட அடிகளைப் பருவம் மட்டுமே தந்துவிடவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் வந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடர அவர் ஆயத்தமாக இருந்தார். 1667-இல் நூல் வெளிவந்தது.

ஊற்று சுரக்கும் காலம் நம் கையில் இல்லாதிருக்கலாம். குடத்தைத் துலக்கி வைத்திருப்பது நம் கையில் உள்ளது. வெயிலைக் குறைகூறும் நாம் முதலில் நம் குடத்தைப் பார்ப்போம்.