ஐபி மாறும், பேரு மாறாது: வீட்டுக்கு ஒரு விலாசம் தேடிய கதை

"வெளியூர்ல இருந்து வீட்டு கேமராவைப் பார்க்கணும், டிடிஎன்எஸ் இருக்கிற ரவுட்டர் எது நல்லது?" இந்தக் கேள்வி என்கிட்ட அடிக்கடி வருது. ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு எபிசோடை முடிச்சிடலாம். ஆனா டிடிஎன்எஸ், அதாவது டைனமிக் டிஎன்எஸ், எதுக்காக வந்தது, இப்போ எந்த இடத்தில் வேலை செய்யாது என்று தெரியாமல் வாங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்த காசு வீண். அதனால இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு.

நான் இருக்கிறது அசோக் நகர். இங்கே பல தெருவுக்குப் பேரே கிடையாது, நம்பர்தான். 7-வது அவென்யூ, 11-வது அவென்யூ, 53-வது தெரு. போதாக்குறைக்குச் சென்னை வழக்கப்படி கதவு எண்ணில் பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. டெலிவரிக்கு வர்றவர் போன் பண்ணினால் யாராவது இதையெல்லாம் சொல்றோமா? "அசோக் பில்லர்ல இருந்து வாங்க", "உதயம் தியேட்டர்கிட்ட திரும்புங்க", அவ்வளவுதான். உதயத்தை 2024-லேயே மூடிட்டாங்க, வழி சொல்றதுக்கு இன்னும் உதயம்தான். மெஷினுக்கு நம்பர் போதும், மனுஷனுக்குப் பேரு வேணும்.

இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டிலும் இதே பிரச்சினைதான். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த நம்பர் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அந்த ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பு ஒருத்தர் என்று வைத்தார். நல்ல ஐடியா. ஆனா அதில் ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு பாருங்க: நம்பர் அடிக்கடி மாறாது. அந்தக் காலக் கம்ப்யூட்டர் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நின்றது, அதுக்கு அது சரி.

நம்ம ஊருக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது, தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. மோடம் கத்திக் கத்தி டயல் பண்ணினால், காலியாக இருக்கிற ஒரு ஐபி நம்பர் உங்களுக்கு. போனை வைத்தால் அது அடுத்தவருக்கு. பஸ் சீட் மாதிரி, இறங்கினால் உரிமை போச்சு. அப்போ யாரும் கவலைப்படவில்லை. டயல்-அப்பில் நாம வெளியே போவோம், நம்மைத் தேடி யாரும் உள்ளே வரப் போறதில்லை.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. 256 கேபிபிஎஸ். இன்னிக்குக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனா முதல் முறையா நடுத்தரக் குடும்பத்து வீட்டில் எப்பவும் ஆன்ல இருக்கிற இணைப்பு அது. எப்பவும் இணைப்பு இருந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வராக்கலாமே என்று சிலருக்குத் தோன்றியது. கடைக்காரர்களுக்கு டிவிஆர் பெட்டியோட கேமரா வந்தது. இப்போதான் பழைய நம்பிக்கை உடையுது. மோடம் ஒருமுறை அணைந்து எழுந்தால் பெரும்பாலும் வேறு ஐபி. 2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதாவது தினமும் உங்க வீட்டு விலாசம் மாறலாம். மாறாத ஐபி வேணும்னா தனிக் கட்டணம்.

இதுக்கான தீர்வு அதுக்கு முன்னாடியே தயாராக இருந்தது. 1997-இல் ஆர்எஃப்சி 2136 என்ற ஆவணம், ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஎன்எஸ் பதிவை மாற்றும் முறையைத் தந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் வூஸ்டர் பாலிடெக்னிக் மாணவர்கள் டின்டிஎன்எஸ் என்று ஒரு சேவை தொடங்கினார்கள். என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவனுக்கு ரொம்பப் பிடிக்கிற வகைத் தீர்வு அது. ரவுட்டருக்குள்ள ஒரு குட்டி புரோகிராம் உட்கார்ந்திருக்கும். ஐபி மாறினதைக் கவனிச்சதும் சேவைக்குத் தகவல் அனுப்பும்: "நான்தான், இதோ பாஸ்வேர்டு, இப்போ என் நம்பர் இது." சேவை உடனே பேருக்கு எதிரே இருக்கிற நம்பரைத் திருத்தும். பழைய பதில் யாரிடமும் ரொம்ப நேரம் தங்கக் கூடாது என்பதால் அதோட ஆயுளைச் சில நிமிஷமா வைப்பாங்க. இதை இலவசமாக் கொடுத்தாங்க. ரவுட்டர் கம்பெனிகள் தங்கள் மெனுவிலேயே அந்தப் பேரைப் பொறித்துவிட்டன.

அங்கேதான் முதல் அடி. 2014 மே 7 அன்று டின் இலவசக் கணக்குகளை நிறுத்தியது. மெனுவில் வேற தேர்வே இல்லாத பழைய ரவுட்டர்களில் அந்த வசதி, காசு கட்டாதவர்களுக்குச் செத்துப்போனது. பலர் நோ-ஐபி பக்கம் போனார்கள். ஜூன் 30 அன்று மைக்ரோசாஃப்ட், மால்வேரைத் தடுக்கிறோம் என்று அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வாங்கி, நோ-ஐபியின் இருபதுக்கும் மேற்பட்ட டொமைன்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. சம்பந்தமே இல்லாதவர்களின் பேருகளும் சில நாள் திறக்கவில்லை. உங்க வீட்டுக்கு நீங்க வெச்ச பேரு, உண்மையில் இன்னொருத்தர் பேரின் வால் என்பது அந்த இரண்டு மாதத்தில் தெரிந்தது.

அடுத்ததை நான் இந்தக் கதையின் பெரிய விசித்திரமாக நினைக்கிறேன். கேமராவை வெளியில் இருந்து பார்க்கணும்னா ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கணும். ரவுட்டர் ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என்று வெச்சுக்கோங்க, "இந்த நம்பரைக் கேட்டு வர்றவங்களை நேரா கேமராகிட்ட அனுப்பு" என்று அவரிடம் சொல்லி வைக்கிறோம். அவர் யார் வந்தாலும் அனுப்புவார். 2016-இல் மிராய் என்ற மால்வேர் இன்டர்நெட் முழுக்கக் கதவு தட்டியது. அதன் கையில் இருந்தது சுமார் 60 பழைய பாஸ்வேர்டுகளின் பட்டியல் மட்டும்தான், அட்மின்-அட்மின் வகையறா. யாரும் மாற்றாத பாஸ்வேர்டோட இருந்த டிவிஆர்களும் கேமராக்களும் ரவுட்டர்களும் அதன் படையில் சேர்ந்தன. அந்தப் படை 2016 அக்டோபர் 21 அன்று தாக்கியது யாரை? டின் கம்பெனியை. அதற்குள் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரிய தளங்களுக்கெல்லாம் டிஎன்எஸ் தருகிற கம்பெனியாக அது வளர்ந்திருந்தது, அன்றைக்கு அந்தத் தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. வீட்டுப் பெட்டிகளுக்குப் பேரு கொடுத்து ஆரம்பிச்ச கம்பெனியை வீட்டுப் பெட்டிகளே படுக்க வைத்தன. சரியா ஒரு மாதம் கழித்து ஆரக்கிள் டின்னை வாங்குவதாக அறிவித்தது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். எங்க எதிர் வீட்டு அங்கிள் கேட்டது அதுக்குப் பதில். ரிடையர் ஆனவர், மகன் நியூஜெர்சியில். "தம்பி, பாக்ஸ்லயே டிடிஎன்எஸ்னு போட்டிருக்கான். வாங்கிட்டா பையன் அங்கிருந்தே வாசல் கேமராவைப் பார்த்துடலாம்ல?" தனியா இருக்கிற பெரியவங்களுக்கு இது விளையாட்டு இல்ல. வாசலில் நிற்கிறது யாரென்று மகன் பார்த்துச் சொன்னால்தான் அவர் கதவைத் திறப்பார்.

வாங்க வேண்டாம், முதல்ல உங்க ஐபியைப் பார்ப்போம்னேன். பழைய ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று 100.72-இல் தொடங்குகிற ஒரு நம்பர். "என் ஐபி என்ன" என்று கேட்டால் சொல்கிற வெப்சைட்டில் வேற நம்பர். கதை முடிஞ்சது.

ஏன்னா ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி நம்பர்தான். ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கிடும் ஆப்நிக் 2011 ஏப்ரல் 15 அன்று கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதன் பிறகு ஒரு உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 நம்பர் என்று ரேஷன். லட்சக்கணக்கான வீட்டுக்கு இது எந்த மூலைக்கு? அதனால் நிறைய வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கும் சிஜி-நாட் பரவியது. அதுக்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை ஒதுக்கினார்கள். உங்க வாட்ச்மேனுக்கு வெளியே, மொத்தக் காலனிக்கும் இன்னொரு கேட், அங்கே இன்னொரு வாட்ச்மேன். அவர் நீங்க சொல்றதைக் கேட்க மாட்டார். ரவுட்டர் டிடிஎன்எஸ்ஸில் ஒழுங்கா பேரைப் பதிவு பண்ணும், பேரைத் தேடி வர்றவர் வெளி கேட்டிலேயே நின்றுவிடுவார்.

அதனால என் வரிசை இதுதான். ஐபி இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் டிடிஎன்எஸ் ரவுட்டர் வாங்குங்க, ஆனா மெனுவில் பல சேவைகளோ, நாமே முகவரி எழுதிக்கொள்ளும் கஸ்டம் வசதியோ இருக்கணும். 2014-ஐ மறக்காதீங்க. டிபி-லிங்க், ஏசஸ் மாதிரி கம்பெனிகள் தங்கள் சொந்த டிடிஎன்எஸ் தருகின்றன, வசதிதான், ரவுட்டர் பிராண்டை மாற்றினால் பேரும் போகும். அதைவிட முக்கியம், ரவுட்டரிலேயே வயர்கார்டு விபிஎன் சர்வர் இருக்கணும். கேமராவுக்குப் போர்ட் திறக்கவே கூடாது, வயர்கார்டுக்கு மட்டும் ஒன்று. சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது, அங்கே வீடு இருக்கிறதே வெளியே தெரியாது.

ஐபி வேற வேறயாக இருந்தால் உங்க இணைப்பில் ஐபிவி6 இருக்கா பாருங்க. இருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த நம்பர் உண்டு, ஆனா ரவுட்டரின் டிடிஎன்எஸ் ஐபிவி6 பதிவையும் புதுப்பிக்கணும், பார்க்கிறவர் பக்கமும் ஐபிவி6 வேணும். நியூஜெர்சி மகனின் ஆபீஸ் நெட்வொர்க்கில் அது இல்லை.

அங்கிள் வீட்டில் கடைசியில் புது ரவுட்டரே வாங்கவில்லை. ஒரு ராஸ்பெரி பை, அதில் டெயில்ஸ்கேல். உள்ளே இருந்து வெளியே போகிற இணைப்பு என்பதால் இரண்டு வாட்ச்மேனும் தடுக்கவில்லை. நடுவில் இன்னொரு கம்பெனியை நம்புகிறோம் என்பதை அவரிடம் சொல்லிட்டுதான் வெச்சேன். அவர் கேட்டது ஒண்ணுதான்: கரண்ட் போனா என்ன ஆகும்? ரவுட்டருக்கும் பைக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கச் சொன்னேன்.