சினந்தணித்த தீக்கடவுள்

பண்டைய அக்காடியத் தெய்வங்களுள் இஷும் சிறியவன், தீக்கடவுளாகக் கருதப்படுபவன், இரவில் தெருக்களைக் காப்பவன். ஏறத்தாழ கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எழுந்த எர்ரா காவியத்தில், கொள்ளைநோய்க் கடவுளான எர்ரா பாபிலோனிய நகரங்களைச் சூறையாடுகிறான். அவன் ஏவலனான இஷும் தலைவனை எதிர்த்து வாளெடுக்கவில்லை. நேர்ந்த அழிவை எடுத்துரைத்தே சினந்தணிக்கிறான்.

இக்காவியம் கப்தி-இலானி-மர்துக் என்னும் புலவனுக்கு இரவில் வெளிப்பட்டதென அதன் இறுதிப் பகுதி கூறும். நோய் அணுகாதிருக்க, இதன் வரிகள் பொறித்த களிமண் பலகைகளை மக்கள் வீடுகளில் தொங்கவிட்டனர்.

தமிழகத்திலும் பெரியம்மை கண்ட இல்லங்களில் மாரியம்மன் தாலாட்டு ஒலித்தது. அந்நோய் ஒழிந்ததென 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி, அதுவரை அஞ்சிய நெஞ்சங்களைத் தாங்கியது பாட்டு. தமிழும் தெலுங்கும் உறவாடும் பள்ளிப்பட்டுக் கவிஞர்க்கும் இஷுமின் பணி அயலானதன்று.