பேருந்து நில்லாத இடங்கள்

2009 மே மாதத்தில் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அதன் பின்னர், கண்டி வீதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும், தென்னிலங்கையிலிருந்து மக்கள் பேருந்து பேருந்தாக வடக்கு நோக்கி வரலாயினர். குடும்பத்தினர், பாடசாலை மாணவர், கிராமத்துச் சங்கத்தார் எனப் பலரும் போர் நடந்த நிலத்தைக் காண வந்தனர். காண வேண்டும் என்ற ஆவல் குற்றமன்று. முப்பது ஆண்டுக் காலம் செய்தியாக மட்டும் கேட்ட ஓர் ஊரைக் கண்ணால் காண விரும்புவது மனித இயல்பு. ஆனால் வந்தவர்களுக்கு எவை காட்டப்பட்டன, எவை காட்டப்படவில்லை என்ற கேள்வியை வரலாற்று மாணவர்களாகிய நாம் எழுப்பாமல் இருக்க முடியாது.

ஆனையிறவில் அவர்கள் இறங்கினர். 1991ஆம் ஆண்டுச் சமரில் புலிகளின் கவசப் புல்டோசர் ஒன்றைத் தடுத்து உயிர்நீத்த காமினி குலரத்ன என்னும் போர்வீரனின் நினைவிடம் அங்கே உள்ளது. கிளிநொச்சியில் வேரோடு சாய்ந்த மரம் போலக் கிடந்த நீர்த்தாங்கியைக் கண்டனர். அதன் அருகே நினைவுப் பொருள் விற்கும் கடையும் இருந்தது. புதுக்குடியிருப்பில், பல தட்டுகளாக நிலத்தின் கீழே கட்டப்பட்டிருந்த பிரபாகரனின் பதுங்குமாளிகைக்குள் இறங்கி ஏறினர். 2013 ஒக்டோபரில் இராணுவமே அதனைத் தகர்க்கும்வரை அது பெருங்காட்சிப் பொருளாக விளங்கிற்று. 

ஆனால் அதே வடக்கில், இறந்த புலிப் போராளிகளின் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அவ்வாறு அழிக்கப்பட்ட கல்லறை நிலத்தின்மேல் 2011இல் இராணுவத் தலைமையகம் ஒன்று எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்காக எழுப்பப்பட்ட தூபி 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் போராடியதன் பயனாக அவ்வாண்டு ஏப்பிரலில் மீண்டும் எழுந்தது. ஒரு தாய் தன் மகன் விழுந்த இடத்தைப் பார்க்கப் பேருந்தில் வரலாம். இன்னொரு தாய் தன் மகன் புதைந்த இடத்தில் விளக்கேற்றலாகாது என்றால், அதனை நினைவுகூரல் என்று எவ்வாறு அழைப்பது?

இந்நிலை நமது தீவுக்கு மட்டும் உரியதன்று. 1815இல் வாட்டர்லூவில் பிணங்கள் புதையுண்ட சில நாட்களிலேயே கனவான்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டனர். முதல் உலகப்போர் முடியுமுன்னரே, 1917இல், மோட்டார் வாகனச் சக்கரங்களுக்கு டயர் செய்யும் மிச்செலின் நிறுவனம் பிரெஞ்சுப் போர்க்களங்களுக்கான வழிகாட்டி நூல்களை வெளியிடத் தொடங்கிற்று. அஞ்சலியும் வியாபாரமும் அன்று தொட்டே கைகோத்து நடந்து வருகின்றன.

தமிழரின் கதையும் இதில் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் நீளமான இரயில் பாதை அமைத்தனர். அங்கு மடிந்த போர்க்கைதிகளுள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் காஞ்சனபுரியில் புல்தரை விரித்த மயானத்தில், பெயர் பொறித்த கற்களின் கீழ் உறங்குகின்றனர். உலகெங்குமிருந்து பயணிகள் அங்கே வந்து மலர் வைக்கின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டிலே மாண்டனர். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லில்லை, பெயர்ப் பட்டியலுமில்லை. இறப்பிலும் வர்க்கம் உண்டு என்பதை அந்தப் புல்தரை நமக்கு உணர்த்துகிறது.

எனினும், அரசையும் அந்நியரையும் குறைகூறுவதோடு நாம் நின்றுவிட்டால் பாதி உண்மையே பேசியவர்களாவோம். அட்டாளைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியை எண்ணிப் பார்ப்போம். ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்துக் கோத்த மணிகள் போல அமைந்த வீதி இது. நாம் இவ்வீதியில் எத்தனையோ முறை போய் வருகிறோம். எங்கே இறங்குகிறோம்?

காத்தான்குடியில் இறங்குகிறோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனிய்யாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். குண்டு துளைத்த சுவர்கள் இன்றும் பூசி மறைக்கப்படாமல் விடப்பட்டுள்ளன. ஒன்பது நாட்களுக்குள் ஏறாவூரிலும் அதே கொடுமை நிகழ்ந்தது. இவற்றை நாம் அறிவோம். நம் பிள்ளைகளும் அறிவர். ஆனால் மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையே சத்துருக்கொண்டான் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் திகதி அங்குள்ள இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்க் கிராமத்தவர்கள், குழந்தைகளும் முதியோரும் உட்பட, கொல்லப்பட்டனர். மாண்டோர் 184 பேர் என விசாரணை ஆணைக்குழு கண்டது. அவர்களுக்கும் வீதியோரத்தில் ஒரு நினைவுத்தூண் உண்டு. நமது பேருந்து அதைக் கடந்து போகிறது.

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறையை அடுத்து வீரமுனை. 1990 ஆகஸ்டில் அங்குள்ள பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். படையினரோடு முஸ்லிம் ஊர்காவற் படையினரும் வந்தனர் என்று உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். அக்கரைப்பற்றுக்கு உட்புறமாக உள்ள உடும்பன்குளத்தில், 1986 பெப்ரவரியில், நெல் அறுவடையில் ஈடுபட்டிருந்த தமிழ் விவசாயிகள் கொல்லப்பட்டனர். அம்பாறைக்கு அப்பால் அரந்தலாவையில், 1987 ஜூன் 2ஆம் திகதி, பேருந்தில் யாத்திரை சென்ற 33 பிக்குகளைப் புலிகள் வெட்டியும் சுட்டும் கொன்றனர். அவர்களுள் பலர் இளம் சாமணேரர்கள். அந்தப் பேருந்தையே 2013இல் காட்சியகமாக்கினர். 1990 ஜூனில் சரணடைந்த அறுநூறு வரையான சிங்கள, முஸ்லிம் பொலிஸார் புலிகளால் கொல்லப்பட்டதும் இந்தக் கிழக்கு மண்ணிலேதான்.

இவ்வளவும் சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் இடங்கள். ஆயினும் அரந்தலாவைக்குச் சிங்களப் பாடசாலைகள் போகின்றன. காத்தான்குடிக்கு முஸ்லிம்கள் போகின்றனர். சத்துருக்கொண்டானிலும் வீரமுனையிலும் தமிழர் விளக்கேற்றுகின்றனர். ஒவ்வொரு பேருந்தும் தன் பிணங்களை மட்டும் எண்ணித் திரும்புகிறது. திரும்பி வரும் பிள்ளை துயரத்தை மட்டுமா கொண்டு வருகிறான்? அடுத்த ஊரின்மீது ஒரு கணக்கையும் சேர்த்துக் கொண்டு வருகிறான்.

மாண்டோர் யாவர் என்று பார்ப்போமானால் இந்தக் கணக்கின் பொய்மை விளங்கும். வயலில் அரிவாள் பிடித்தவர்கள், சிறுகடை வைத்திருந்தவர்கள், மாதச் சம்பளத்துக்குக் காக்கி உடுத்தியவர்கள். காவியுடுத்த சிறுவருட் பலரும் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளே. போரை நடத்தியவர்களின் பிள்ளைகள் இப்பட்டியல்களில் அரிதாகவே காணப்படுவர்.

நமது ஊரிலேயே போரின் சின்னம் ஒன்று உண்டு. அதனை யாரும் சின்னமாகக் கருதுவதில்லை. போரின் காரணமாகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்த பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர் கல்வியைத் தொடர முடியாமற் போன நிலையில், 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. மறு ஆண்டே அது பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் ஒலுவிலில் நிலைபெற்றது. ஒரே மொழி பேசும் மாணவர் ஒரே வகுப்பில் இருக்க இயலாமற் போனதன் விளைவே அந்த ஆரம்பம். அதனைப் பெருமையோடு நினைக்கும் நாம், அதற்குள்ளிருக்கும் பிரிவின் துயரையும் மாணவருக்குச் சொல்ல வேண்டாமா?

பழைய புண்ணைக் கிளறலாகாது என்று நல்லெண்ணம் கொண்டோர் சிலர் கூறுவர். புண் மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாம் பேசாதபோது பிள்ளை அறியாமல் இருப்பதில்லை. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பாதிக் கதையைக் கேட்டுக்கொள்கிறான். மற்றப் பாதியைச் சொல்ல ஆசிரியரைத் தவிர யார் இருக்கின்றனர்?

பிரான்சின் வடக்கே நோத்ரடாம் டி லொரெற் என்னும் குன்றில் 2014 நவம்பர் 11ஆம் திகதி ஒரு நினைவு வளையம் திறக்கப்பட்டது. முதல் உலகப்போரில் அப்பிரதேசத்தில் மடிந்த 579,606 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. நாடு பிரிக்கப்படவில்லை, பதவி குறிக்கப்படவில்லை, நண்பன், பகைவன் என்ற பேதமில்லை. அகரவரிசை ஒன்றே வரிசை. அதற்கு அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

நமக்கும் நூறாண்டு வேண்டுமா? கல்லில் வளையம் எழுப்ப நம்மிடம் பொருளில்லை. ஆனால் கல்விச் சுற்றுலா போகும் வழக்கம் எல்லாப் பாடசாலைகளிலும் உண்டு. அந்தப் பேருந்து காத்தான்குடியில் நிற்கட்டும், சத்துருக்கொண்டானிலும் நிற்கட்டும். வீரமுனைக்கும் உடும்பன்குளத்துக்கும் போகட்டும், அரந்தலாவைக்கும் போகட்டும். ஒவ்வோரிடத்திலும் அவ்வூரவர் ஒருவர் நடந்ததைக் கூற, மாணவர் கேட்கட்டும். முதற் பேருந்து நம்மிடமிருந்தே புறப்படட்டும். அது முதலில் நிற்க வேண்டிய இடம், நாம் இதுவரை இறங்காத இடமாக இருக்கட்டும்.