கரும்புச் சக்கை

கரும்பைப் பிழிந்து சாறெடுத்தபின் எஞ்சும் நார்க்கழிவு. 100 டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 30 டன் சக்கை கிடைக்கும். அதில் பாதியளவு ஈரப்பதம்.

எரிபொருள்: வெல்லம் காய்ச்சுவோர் சக்கையை வெயிலில் உலர்த்தி அதையே அடுப்பெரிக்கப் பயன்படுத்துவர். சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் பெறுகின்றன. மிகுதி மின்சாரத்தை விற்பதும் உண்டு. தேனி மாவட்டத்தில் வைகை அணையை அடுத்த வரதராஜ் நகரில் நிறுவப்பட்ட ராஜஸ்ரீ சர்க்கரை ஆலை இவ்வாறு இணைமின் உற்பத்தியில் இறங்கியது.

காகிதம்: சக்கையை மூலப்பொருளாகக் கொண்டு தமிழக அரசு 1979இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியது. உலக வங்கி கடனுதவி அளித்தது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி தொடங்கியபோது ஆண்டுத் திறன் 90,000 டன். சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொடுத்துவிட்டால் அவற்றின் கொதிகலன்களுக்கு வேறு எரிபொருள் வேண்டும். எனவே சக்கைக்கு ஈடாக நிலக்கரி அல்லது நீராவி தரும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன.

செய்முறை: காகிதத்திற்கு உதவாத சோறு (சக்கையில் நாரோடு கலந்திருக்கும் மென்மையான உட்பகுதி) முதலில் நீக்கப்பட்டு, எரிபொருளாகிறது. அரைவைப் பருவம் சில மாதங்களே என்பதால் நார் ஈரமாகவே குவித்துக் காக்கப்படும். பின்னர் வேதிப்பொருள்களுடன் வேகவைத்துக் கூழாக்குவர். சக்கை கழுவிய நீரிலிருந்து எரிவாயுவும் எடுக்கப்படுகிறது. சுத்திகரித்த ஆலைநீர் சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்கிறது.