பௌபஜார் 210

சென்ற மாதம் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். பொங்கல் விழாக் கணக்கில் கொஞ்சம் பணம் மிச்சம். பக்கத்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆய்வகத்துக்குக் கொடுக்கலாமே என்றார் ஒரு பெரியவர். பொருளாளரான அடியேன் வங்கிப் புத்தியோடு, "இதனால யாருக்கு என்ன பலன் சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பௌபஜார் 210-ஐப் போய்ப் பாருங்க" என்றார்.

போனேன். அந்த விலாசத்தில் இருப்பது கோயங்கா வணிகவியல் கல்லூரி! பி.காம். படித்தவனைச் சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். விஷயம் வேறு என்பது வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது.

மகேந்திரலால் சர்க்கார் என்று ஒரு டாக்டர். 1863-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. வாங்கியவர். இந்தியர்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே நடத்தும் ஓர் அறிவியல் நிலையம் வேண்டும் என்று 1869-ல் தன் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருடம் நன்கொடை கேட்டு வேண்டுகோள் விட்டார். 1872-ல் பங்கிம் சந்திரர் தன் 'பங்கதர்ஷன்' இதழில் ஆதரித்து எழுதினார். ஆனாலும் பணம் மெதுவாகத்தான் சேர்ந்தது. "தொழிற்பள்ளி ஆரம்பியுங்கள், பையன்களுக்கு வேலையாவது கிடைக்கும்" என்று ஒரு கூட்டம் எதிர்த்து நின்றது. (நான் கேட்ட அதே கேள்விதான்!) அடிப்படை அறிவியல்தான் முதலில் என்று சர்க்கார் பிடிவாதமாக இருந்தார். 1876 ஜூலை 29 அன்று பௌபஜார் 210-ல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது.

புனித சேவியர் கல்லூரிப் பாதிரியார் லாஃபோன் போன்றவர்கள் சம்பளம் வாங்காமல் சொற்பொழிவாற்றினார்கள். விஜயநகரம் மகாராஜா கொடுத்த பணத்தில் ஓர் ஆய்வகம் எழுந்தது. ஆனால் முழுநேரப் பேராசிரியர்களை வைக்கும் அளவுக்கு நிதி சேரவே இல்லை. நம் மக்களுக்கு அறிவியலில் அக்கறை இல்லையே என்ற வருத்தத்தோடுதான் சர்க்கார் 1904-ல் கண்ணை மூடினார்.

மூன்றே வருடம். 1907-ல், நிதித்துறையில் உத்தியோகம் கிடைத்து, திருவானைக்காவலில் பிறந்த 18 வயதுப் பையன் ஒருவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். சி.வி. ராமன்! டிராமில் போகும்போது கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கினார் என்பார்கள். அவருக்குக் கதவைத் திறந்த ஆஷுதோஷ் டே, பின்னால் பல வருடம் அவருடைய உதவியாளராக இருந்தார். ஆபீசுக்கு முன்பும் பின்பும் ராமன் அங்கேதான். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்ஃபர் வேறு (நம் பாடுதான்!). 1911-ல் மறுபடி கல்கத்தா. வக்கீல் தாரக்நாத் பாலித் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பெருங்கொடையில் உருவான பேராசிரியர் பதவி வந்தபோது, 1917-ல் அரசாங்க வேலையையே விட்டுவிட்டார், சம்பளம் நன்றாகக் குறைந்தும்.

1928 பிப்ரவரி 28. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த ஆய்வில், அதே பௌபஜார் கட்டடத்தில் ராமன் விளைவு பிடிபட்டது. 1930-ல் நோபல். நாம் பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுவது இதற்காகத்தான். கழகம் பிற்பாடு ஜாதவ்பூருக்கு இடம் மாறி, இன்றும் நடக்கிறது.

1904-ல் என்னைப்போல ஒரு வங்கிக்காரன் அந்தக் கணக்கைப் பார்த்திருந்தால், யோசிக்காமல் 'வாராக்கடன்' என்று எழுதி மூடியிருப்பான். வரவு வந்தது 52 வருடம் கழித்து. போட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர்கள் செய்தது ஒன்றுதான்: யாரோ ஒரு பையன் வந்து நிற்கும்போது கதவு இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை நானே முன்மொழியப் போகிறேன். பெரியவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும்.