குழந்தைகளுக்குக் கதை எழுதப் போறீங்களா? வேலையை விடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

வீட்டு வாண்டைத் தூங்க வைக்க நீங்களே ஒரு கதை கட்டிச் சொல்றீங்க. மறுநாளும் 'அதே கதை'ன்னு அடம்பிடிக்குது. உடனே, 'இதைப் புத்தகமாவே போட்டுட்டா என்ன?'ன்னு ஒரு ஆசை எட்டிப்பார்க்கும். பெரம்பலூர், அரியலூர் புத்தகத் திருவிழாவில் குழந்தைகள் ஸ்டால் முன்னாடி நிக்கும் கூட்டத்தைப் பார்த்தா ஆசை இன்னும் கூடும். தப்பே இல்லை. ஆனா, நமக்கு முன்னாடி எழுதினவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு ஒருமுறை பார்த்துடலாம்.

திருச்சியைத் தாண்டினா புதுக்கோட்டை மாவட்டம். அங்கே ராயவரத்தில் 1922-ல் பிறந்தவர் அழ.வள்ளியப்பா. நீங்க எல்.கே.ஜி-யில் கைதட்டிப் பாடின பாட்டுகளில் ஒண்ணு ரெண்டாவது அவரோடதா இருக்கும். 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அப்புறம் இந்தியன் வங்கி. 1944-ல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' தொகுப்பு வந்தது. 'குழந்தைக் கவிஞர்'னு தமிழ்நாடே கொண்டாடியது. அப்பவும் அவர் வங்கி வேலையை விடலை. ஓய்வு பெறும் வரை பகலில் கணக்கு, மிச்ச நேரத்தில் பாட்டு. 'கோகுலம்' ஆசிரியர் பொறுப்புக்கு வந்ததே அதுக்கப்புறம்தான். தான் மட்டும் எழுதினா போதாதுன்னு, 1950-லேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமா இருந்தார்.

அதே மாவட்டத்து அரிமழத்தில் 1925-ல் பிறந்த வாண்டுமாமா எடுத்தது வேற ரூட்டு. எழுத்தே முழுநேரப் பிழைப்பு. 1972-ல் தொடங்கிய 'கோகுலம்', 1984-ல் வந்த 'பூந்தளிர்'னு பத்திரிகை பத்திரிகையா உழைச்சார். 'பூந்தளிர்' சில வருஷத்திலேயே நின்னுபோச்சு. தன் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வெச்ச பேரு 'எதிர்நீச்சல்'. பேரைப் பார்த்தாலே கதை புரிஞ்சிருக்குமே!

அப்போ இன்னைக்கு நிலைமை? ஒரு சின்னக் கணக்கு போடலாம். 32 பக்கப் புத்தகம், விலை 60 ரூபாய்னு வெச்சுக்கோங்க. ராயல்டி வழக்கமா 10 சதவீதம்னு பேசுவாங்க. ஒரு பிரதிக்கு உங்களுக்கு 6 ரூபாய். 500 பிரதி வித்தா 3,000 ரூபாய். அந்த 500 விக்கவே ரெண்டு வருஷம் ஆனாலும் ஆச்சர்யமில்லை. பதிப்பாளர் மேல கோபப்படாதீங்க. கலர் அச்சு, ஓவியருக்குச் சம்பளம், கடைக்காரர் கழிவு எல்லாம் போனா அவர் கையில் நிக்கிறதும் கொஞ்சம்தான். விலையைக் கூட்டலாம்தான். ஆனா, பொம்மைக்கு 300 ரூபாய் யோசிக்காம எடுக்கிற நாம, புத்தகம் 100 ரூபாய்னா பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம், இல்லையா?

காசு குறைவுங்கிறதுக்காக உரிமையையும் கோட்டை விட்டுடாதீங்க. இதில் பலரும் ஏமாறுவது வாய்ப் பேச்சில்தான். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் மாத்திக் கொடுக்க முடியும். எத்தனை வருஷத்துக்குன்னு அதில் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னுதான் கணக்கு. எந்த ஊருக்குன்னு குறிப்பிடலைன்னா இந்தியாவுக்கு மட்டும். ராயல்டி எவ்வளவு, மொழிபெயர்ப்பும் ஆடியோவும் யாருக்குன்னு தெளிவா எழுதி வாங்குங்க. 'எல்லா உரிமையும் நிரந்தரமாக'ன்னு ஒரு வரி இருந்தா பேனாவைக் கீழே வெச்சுட்டு, வழக்கறிஞர் யாரிடமாவது ஒருமுறை காட்டிடுங்க.

சரி, எங்கே எழுதுறது? 'அம்புலிமாமா', 'கோகுலம்', 'சுட்டி விகடன்' எதுவும் இப்போ அச்சில் இல்லை. புதுசா எழுதுறவங்க பழகுற களமே அதுதான், அதனால் இது பெரிய இழப்பு. தமிழ்நாட்டு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' வருது. பள்ளிக்கல்வித் துறை 4, 5-ம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9-ம் வகுப்புக்கு 'தேன்சிட்டு'னு இதழ்களைத் தொடங்கியது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் நீங்களே கதையை ஏத்தலாம். ஆனா, அது திறந்த உரிமம். யார் வேணும்னாலும் உங்க பேரைப் போட்டு மொழிபெயர்க்கலாம், அச்சடிச்சு விக்கவும் செய்யலாம். அதுக்குச் சம்மதம்னா மட்டும் ஏத்துங்க.

என்ன எழுதுறதுன்னு குழப்பமா? டிராகனும் பனிமலையும் அப்புறம் பார்த்துக்கலாம். வள்ளியப்பா நம்ம ஊர் ஆறுகளைப் பத்தி எழுதின 'நம் நதிகள்' நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 14 மொழிகளில் கொண்டுவந்தது. நம்ம பக்கத்தில் சாத்தனூரில் சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம் கல்லாகிப் படுத்திருக்கு. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கடல் உயிரினங்களின் புதைபடிவம் கிடைக்குது. ஒருகாலத்தில் இங்கே கடல் இருந்ததுன்னு ஒரு ஆறு வயசுப் பொடிசிடம் சொல்லிப்பாருங்க, கேள்வியாவே கேட்டுத் தள்ளும். கரைவெட்டி ஏரிக்கு பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருது. அது ஏன் வருது, வழியில் என்ன சாப்பிடும், குட்டி வாத்து தொலைஞ்சா யார் தேடுவா?

எழுதி முடிச்சதும் பதிப்பாளருக்கு அனுப்பாதீங்க. தெருப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வெச்சு சத்தமாப் படிங்க. 'நல்லாருக்கு'ன்னு மரியாதைக்குச் சொல்ல அவங்களுக்குத் தெரியாது. எந்த இடத்தில் ஒருத்தன் எழுந்து தண்ணி குடிக்கப் போறானோ, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கோங்க.