ஐம்பது பிராங்க் முகமூடி

பிக்காசோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஆபிரிக்க முகமூடியும் கட்டாயம் கதைக்குள்ள வரும். "ஆபிரிக்கக் கலையின் தாக்கம்" எண்டு ஒரு வரியில முடிச்சிடுவம். எந்த ஊர் முகமூடி, அதை எதுக்குச் செய்தவை? நானும் கனகாலம் கேட்டதில்லை.

1906 அளவில் விளாமிங்க் என்ற பிரெஞ்சு ஓவியரிடம் ஒரு வெள்ளை முகமூடி இருந்தது. நண்பர் தெரேன் அதற்கு 20 பிராங்க் தருவதாகச் சொல்ல, விளாமிங்க் மறுத்துவிட்டார். பிறகு 50 பிராங்குக்குக் கைமாறியது. இது விளாமிங்கே பின்னாளில் எழுதிவைத்த கதை. தெரேனின் ஸ்டூடியோவில் அதை மத்தீஸும் பிக்காசோவும் பார்த்தார்கள். வொலார் என்ற கலை வியாபாரி அதை வெண்கலத்தில் வார்த்தார். 1907இல் பிக்காசோ, பரிஸில் இருந்த த்ரோக்கடேரோ நூதனசாலைக்குப் போய் இன்னும் பல முகமூடிகளைக் கண்டார். அதே வருடம் வரைந்த 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்தில் வலப்பக்கத்து இரண்டு பெண்களின் முகங்களைப் பாருங்கோ. எந்தவொரு முகமூடியின் நேர்ப்பிரதியும் இல்லைத்தான். ஆனாலும் எங்கேயிருந்து வந்தது எண்டு விளங்கும். பிறகு ஒருமுறை, அந்த ஓவியத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் தொடர்பில்லை என்றும் அவர் சொன்னார். நான் அதை நம்பேல்லை.

தெரேனின் முகமூடி கபோன் நாட்டு ஃபாங் மக்களுடையது. அவர்களிடம் 'ங்கில்' என்றொரு சங்கம் இருந்தது. சூனியக்காரரையும் குற்றம் செய்தவரையும் தேடித் தண்டிப்பது அதன் வேலை. இராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்தில், உடம்பெல்லாம் நாருடையோடு அந்த முகம் ஊருக்குள் வரும். வெண்களிமண் பூச்சு இறந்தவர்களின் நிறம். அதைக் கண்டு ஊரே நடுங்கும். ஓவியர்களிடம் வந்து சேர்ந்தது மரமுகம் மட்டும். நாருடையும் இல்லை, இரவும் இல்லை, பயப்பட ஆட்களும் இல்லை. சுவரில் தொங்கினால் பிறகு வடிவம் மட்டும்தானே தெரியும்!

1910 அளவில் பிரெஞ்சு நிர்வாகம் ங்கிலைத் தடைசெய்தது. கபோனில் அந்த முகமூடி ஆடக்கூடாது. பரிஸில் அதே முகமூடிகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். அங்கே என்ன நடக்குது எண்டு ஓவியர்களுக்குத் தெரியாது என்றும் சொல்லேலாது. பிரெஞ்சுக் கொங்கோவில் நடந்த கொடுமைகள் 1905இலேயே பரிஸ் பத்திரிகைகளில் வந்துவிட்டன. விசாரிக்கப் போன டி பிராஸா திரும்பும் வழியில் செத்துப்போனார். விசாரணை அறிக்கையை அரசு அமுக்கியது.

தெரேனின் முகமூடி இப்ப பொம்பிடு நிலையத்தின் சேகரிப்பில். இன்னொரு ங்கில் முகமூடியின் கதை கிட்டடியில் நடந்தது. பிரான்ஸில் ஒரு வயோதிபத் தம்பதி, காலனித்துவ கவர்னராக இருந்த தாத்தாவின் சாமான்களோடு கிடந்த அதை 150 யூரோவுக்குப் பழம்பொருள் வியாபாரி ஒருவருக்கு வித்துப்போட்டினம். 2022 மார்ச்சில் மொன்பெலியே ஏலத்தில் அது 42 இலட்சம் யூரோவுக்குப் போனது. ஏல மண்டபத்துக்குள்ளேயே கபோன்காரர் எழும்பி நின்று, அது எங்கட, திருப்பித் தாங்கோ எண்டு சத்தம் போட்டார்கள். ஏமாத்திப்போட்டார் என்று தம்பதி வியாபாரி மேல் வழக்குப் போட, கபோன் அரசும் முகமூடியைக் கேட்டு அதற்குள் வந்தது. 2023 டிசெம்பரில் அலெஸ் நகர நீதிமன்றம் இரண்டு கோரிக்கைகளையும் தள்ளுபடி செய்தது. தம்பதிக்கு அது சொன்ன காரணம், விற்கமுதல் பெறுமதியை விசாரித்திருக்க வேணும் என்பது.